பாக்கியம் அழித்த பத்தி

கோர்ட்டுக்கு எதிரே கம்ப்யூட்டரும் பிரிண்டருமாக உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மனுவுக்கு எத்தனை நகல், ஸ்டாம்பை எந்த மூலையில் ஒட்டுவது என்பதெல்லாம் இதில் வராது. அது உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் கோர்ட் வராண்டாவில் நிற்கும் யாரைக் கேட்டாலும், ரொம்ப நம்பிக்கையோடு தப்பாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.

நம் தொழிலுக்கு ஒழுங்கான பெயர்கூடக் கிடையாது. வக்கீல் என்று சொல்லிக்கொண்டால் வக்கீல்கள் சண்டைக்கு வருவார்கள். டைப்பிஸ்ட் என்றால் நமக்கே கோபம் வரும். பெரம்பலூரில் என்னை எல்லோரும் டீச்சர் என்றார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியதால் வந்த பெயர். மெஷின்களைத் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கி, நடுவில் பிளைவுட் தடுப்பு அடித்து, பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டிய பிறகும் டீச்சர்தான். கடையை ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் இப்போதும் மளிகைக்கடைக்காரர் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

நான் சொல்லப்போவது அரியலூர் பெரம்பலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான புதிதில் நடந்தது. எந்த ஆபீஸ் எந்த ஊரில் என்று தெரியாமல் ஜனங்கள் பஸ்ஸில் இரண்டு பக்கமும் அலைந்துகொண்டிருந்தார்கள். அப்போது ஒரு பகல் வேளையில், ஒரு பெண்ணும் ஒரு பையனும் கையில் ஒரே கடலைப் பொட்டலத்தோடு கடைக்குள் வந்தார்கள். இரண்டு பேரும் ஒரு கேபினுக்குள் நுழையப் பார்த்தார்கள்.

"ஒரு கேபின்ல ஒருத்தர்தான்" என்றேன். இளஞ்ஜோடிகள் விஷயத்தில் நான் கறார்.

"நாங்க புருஷன் பொண்டாட்டிங்க" என்றான் அவன்.

"அப்ப சரி. எதுக்கு வந்தீங்க? பாஸ்போர்ட்டா?"

"விவாகரத்துங்க டீச்சர்" என்றாள் அந்தப் பெண். சொல்லிக்கொண்டே தோல் நீக்கிய கடலையை அவன் உள்ளங்கையில் போட்டாள்.

அவள் பெயர் மலர்க்கொடி, வாலிகண்டபுரம். அவன் ராமலிங்கம், அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்டில் எலக்ட்ரீஷியன். அவனுக்கு லெப்பைக்குடிக்காட்டில் ஒரு கூட்டாளி, துபாயில் வேலை. 'அங்கெல்லாம் எந்தப் பேப்பர் வேணும்னாலும் நெட்லயே எடுத்துக்குறாங்கடா, வக்கீலே வேணாம்' என்று அவன் போனில் சொல்லியிருக்கிறான். அதை நம்பி இவர்கள் வந்துவிட்டார்கள்.

"வக்கீலைப் பாக்கலியா?"

"பாத்தோம் டீச்சர். இவரு அடிப்பாரான்னு கேட்டாரு. இல்லைன்னேன். குடிப்பாரான்னாரு. இல்லைன்னேன். அப்ப எதை வச்சும்மா எழுதறது, ரெண்டு அடி மட்டும் போட்டுக்குவோம்னாரு."

"என்னையக் கேக்காமலே நான் ரெண்டு அடி அடிச்சுட்டேங்க" என்றான் ராமலிங்கம், வருத்தமாக.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்கள் சிரிக்கவில்லை. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. மலர்க்கொடியின் அப்பா சிதம்பரம். அவருடைய கூடப்பிறந்த தங்கை பாக்கியம், திருமழபாடியில் வாழ்க்கைப்பட்டவள். பாக்கியத்தின் மகன்தான் இந்த ராமலிங்கம். பள்ளிக்கூடம் படித்ததெல்லாம் மாமன் வீட்டில் தங்கித்தான். அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே சைக்கிளில் விழுந்து எழுந்து வளர்ந்தவர்கள். முறை இருக்கிறது, வயசு இருக்கிறது, பெரியவர்கள் வேறு எதையும் யோசிக்கவில்லை. இவர்களையும் கேட்கவில்லை. வாலிகண்டபுரம் சிவன் கோயிலில் தாலி கட்டியாயிற்று.

"அப்புறம் என்ன குறை?"

மலர்க்கொடி கொஞ்சம் யோசித்தாள். "அவரைப் பாத்தா எனக்கு வெக்கமே வரமாட்டேங்குது டீச்சர். மொத நாள் ராத்திரியே ரெண்டு பேரும் தாயக்கட்டை வெளையாடிட்டுத் தூங்கிட்டோம். அதுக்கப்புறமும் அப்புடியேதான். எத்தினி நாளைக்குத் தாயக்கட்டை வெளையாடறது?"

பிரிந்து வாழ ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கும் மேலாகிவிட்டது. அவன் அரியலூரில் ரூம் எடுத்திருந்தான். அவள் அப்பா வீட்டில் இருந்தாள். ஊரார் வேலை நிமித்தம் என்று நினைத்துக்கொண்டார்கள். பஞ்சாயத்துக்குப் போகலாம்தான். ஆனால் ஊரில் நாலு பேர் உட்கார்ந்தால் யார் மேல் தப்பு என்று கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். அவன் மேல் என்றால் ஆம்பளையா என்று கேட்பார்கள். அவள் மேல் என்றால் வேறு எவனோ என்று கதை கட்டுவார்கள். எது நடந்தாலும் அண்ணன் வீடும் தங்கை வீடும் முகம் பார்க்காது.

"யாரு மேலயும் தப்பு இல்லாத மாதிரி ஒரு பேப்பர் வேணும் டீச்சர். எங்கப்பாவும் அத்தையும் சண்டை போட்டுக்கக் கூடாது. அதுதான் எங்களுக்கு முக்கியம்" என்றாள்.

டயல் அப் இணைப்பு கரகரவென்று கத்தி முடித்துத் தேட ஆரம்பித்தால், முதலில் வந்தது ஏதோ ஒரு அமெரிக்க மாநிலத்தின் பாரம். வக்கீல் இல்லாமல் நீங்களே விவாகரத்து செய்துகொள்ளுங்கள் என்று கலர் கலராகப் போட்டிருந்தார்கள். கேள்வி கேள்வியாகக் கேட்டது. நானும் அப்படியே படித்துச் சொன்னேன்.

"நாய் யாருக்கு?"

"நாய் இல்லைங்க."

"படகு யாருக்கு?"

"கொள்ளிடத்துல தண்ணியே இல்லைங்க டீச்சர்" என்றான் ராமலிங்கம்.

பிறகு நம் நாட்டுச் சட்டப்படி பரஸ்பர சம்மத மனுவின் மாதிரி ஒன்று கிடைத்தது. டெல்லிப் பக்கம் யாரோ தயாரித்தது. குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருவரும் சேர்ந்து வாழ இயலவில்லை, இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம், அவ்வளவுதான். மலர்க்கொடி அதைக் கேட்டுவிட்டு, "இதேதான் டீச்சர், எங்களுக்குன்னே எழுதினாப்ல இருக்கு" என்றாள்.

சீர் சாமான் பிரிக்கிற பத்தியில்தான் முதல் தகராறு வந்தது. கிரைண்டர் யாருக்கு என்று கேட்டேன். அவருக்கே இருக்கட்டும், தனியா இருக்காரு, மாவுக்கு என்ன பண்ணுவாரு என்றாள் அவள். மாமா வாங்கிக் குடுத்தது, அவளே எடுத்துக்கட்டும் என்றான் அவன். இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கேபினில் பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கட்டிய காலத்தில் போடாத சண்டையைக் கிரைண்டருக்காகப் போட்டார்கள். கடைசியில் கிரைண்டரை எழுதாமலே விட்டுவிட்டேன்.

முழுவதையும் தமிழில் படித்துக் காட்டினேன். முடிவில் வழக்கமான ஒரு பத்தி: இனி இருவருக்கும் இடையே எவ்வித உறவும் பாத்தியதையும் கிடையாது. "இது மாமூல் வரி" என்று சொல்லி வேகமாகக் கடந்துபோனேன். அவர்களும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். விவாகரத்து மனுவில் அது இல்லாமல் எப்படி என்றுதான் எல்லோருமே நினைத்தோம். பாயசத்தில் முந்திரி மாதிரி அது தானாக வந்து விழுகிற வரி.

கோர்ட்டில் மனு வாங்குகிறவர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"வக்கீல் எங்கம்மா?"

"இல்லைங்க, நாங்களேதான்."

"யாரு மேல யாரு போட்டிருக்கீங்க?"

"ரெண்டு பேரும் சேந்து போட்டிருக்கோம்."

"எதிர்மனுதாரர் யாருன்னு கேக்குறேன்."

"யாரும் இல்லைங்க" என்றான் ராமலிங்கம்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. எதிராளி இல்லாத வழக்கு அவருடைய சர்வீஸிலேயே அபூர்வம். ஆனாலும் சட்டத்தில் இடமிருந்தது, வாங்கிக்கொண்டார்.

முதல் விசாரணைக்கு நானும் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜட்ஜ் அம்மா மனுவைப் படித்துவிட்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மலர்க்கொடியின் குடை அவன் கையில் இருந்தது. அவனுடைய சாப்பாட்டுப் பை அவள் கையில் இருந்தது.

"சண்டை இல்லை, வரதட்சணை இல்லை. பிறகு யார் மேல்தான் தப்பு?"

மலர்க்கொடி பயந்த பெண் இல்லை. ஆனால் அவ்வளவு பேர் முன்னால் அப்படிக் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. "அம்மா, அரியலூரும் பெரம்பலூரும் இப்பத்தான் பிரிஞ்சுச்சு. எந்த ஊரு மேலங்க தப்பு?"

கோர்ட் ஹால் முழுக்கச் சிரித்தது. ஜட்ஜ் அம்மா காகிதக் கட்டைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஏதோ தேடுவது போல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, சட்டப்படி ஆறு மாதம் யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

அந்த ஆறு மாதத்தில்தான் வினை வந்தது. ராமலிங்கத்தின் தங்கை வசந்தாவுக்கு நல்ல இடம் அமைந்து, ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. வீட்டில் விவாகரத்து விஷயத்தை அதற்குள் சொல்லிவிட்டிருந்தார்கள். அழுது தீர்த்து, ஒருவாறு மனசைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். சண்டை இல்லை. அதுவரை எல்லாம் இவர்கள் நினைத்தபடிதான் நடந்தது. அப்போது வக்கீல் குமாஸ்தாவாக இருந்த ஒரு பங்காளி, மனுவின் நகலைச் சிதம்பரத்திடம் வாங்கிப் பார்த்து, கடைசிப் பத்தியை மட்டும் மொழிபெயர்த்துவிட்டுப் போய்விட்டார்.

"உங்க வூட்டுக்கும் உங்க தங்கச்சி வூட்டுக்கும் இனிமே ஒட்டும் இல்ல உறவும் இல்லைன்னு உங்க மருமவன் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கான்."

இங்கிலீஷில் இருவர் என்று இருந்தது. அந்த மனிதர் இரண்டு வீடு என்று ஆக்கிவிட்டார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்தப் பெண்ணுக்கும் பையனுக்கும் எந்த உறவும் இல்லை என்றால், அவள் அப்பனுக்கும் அவன் அம்மாவுக்கும் மட்டும் என்ன உறவு மிச்சம்? டெல்லியில் உட்கார்ந்து அந்த வரியை எழுதியவருக்குக் கட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே உறவாக இருக்கும் புருஷன் பெண்டாட்டியைப் பற்றித் தெரியாது. அவர்கள் பக்கம் சொந்தத்தில் கட்ட மாட்டார்கள். தெரிந்திருக்க வேண்டியவள் நான். எனக்கே அத்தான் முறை மாப்பிள்ளைதான்.

சிதம்பரம் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் மவன் மட்டுமா, அண்ணன் மவளுந்தானே கையெழுத்துப் போட்டிருக்கா என்று பாக்கியமும் அண்ணன் வாசலுக்குப் போகவில்லை. தாய்மாமனுக்குப் பத்திரிகை வைக்காமல் மற்ற யாருக்கும் வைக்க முடியாது. அச்சடித்த பத்திரிகை எல்லாம் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. தாய்மாமன் சீர் இல்லாமல் பெண் மணவறையில் உட்கார்ந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன கேட்பார்கள் என்று வசந்தா அழுதுகொண்டிருந்தாளாம்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது, மலர்க்கொடியும் ராமலிங்கமும் மறுபடி கடைக்கு வந்தபோதுதான். இந்த முறை கையில் கடலை இல்லை.

"கேஸை வாபஸ் வாங்கிக்கறோம் டீச்சர். ஒரு பேப்பர் அடிச்சுக் குடுங்க."

"சேர்ந்து வாழப் போறீங்களா?"

"ஆமாங்க" என்றான் ராமலிங்கம், பல் பிடுங்கப் போகிறவன் குரலில்.

"வசந்தா கல்யாணம் நல்லபடியா நடக்கணும் டீச்சர். அதுக்கு எங்கப்பா வரணும். வேற வழி தெரியல. எங்களுக்கு என்ன, இருந்துட்டுப் போறோம்" என்றாள் மலர்க்கொடி.

இருபத்து நாலு வயசுப் பெண் தன் மிச்ச வாழ்க்கையை பஸ்ஸில் இடம் கிடைக்காதவள் மாதிரி ஓரமாக நின்று முடித்துவிடுகிறேன் என்கிறாள். அதற்குக் காரணம் நான் மாமூல் என்று தள்ளிவிட்ட ஒரு வரி.

தம்பி தங்கைகளே, கேட்டதை அடித்துக்கொடுப்பது நம் வேலை. கேட்கிறவர் முகத்தைப் பார்ப்பதும் நம் வேலைதான். புத்திமதி சொல்ல நமக்கு உரிமை கிடையாது, சொன்னால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் காலதாமதம் செய்ய நமக்கு எல்லா வசதியும் உண்டு. மெஷின் நம் கையில் இருக்கிறது.

"கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோச்சு. திருச்சியிலேருந்து வரணும். ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றேன்.

"இப்பத்தானே அவருக்குப் பிரிண்ட் வந்துச்சு?" மலர்க்கொடி பக்கத்தில் நின்றவரைக் காட்டினாள்.

"அது பயோடேட்டா அடிக்கிற மை. கோர்ட்டுப் பேப்பருக்கு ஆவாது."

பையன் எலக்ட்ரீஷியன். அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "வா, டீச்சர் சொல்றாங்கள்ல" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனான்.

நான் சிதம்பரத்துக்கு ஆள் அனுப்பினேன். கோர்ட்டுப் பேப்பரில் ஒரு சமாசாரம், பெண்ணைப் பெற்றவர் நேரில் வந்து பார்த்தால்தான் ஆகும் என்று. பாக்கியத்துக்கும் அதே சேதி, பையனைப் பெற்றவள் என்று மாற்றி. அடுத்தவர் வருவதை இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. நெஞ்சறிந்த பொய்தான். கோர்ட் பெயரை இப்படி எடுக்கக் கூடாது, நீங்கள் எடுக்காதீர்கள்.

சிதம்பரம் முதலில் வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் துண்டு, விடாத இருமல். கடைசிக் கேபினில் உட்காரவைத்தேன். சற்று நேரத்தில் பாக்கியம் வந்தாள். ஆள் வாட்டசாட்டம், கக்கத்தில் மஞ்சப்பை. அவளைப் பக்கத்துக் கேபினில் உட்காரவைத்தேன். நடுவில் பிளைவுட் பலகை. தடுப்புக்கு மேலே கை நீட்டினால் கை தெரியும், ஆள் தெரியாது.

சிதம்பரம் இருமினார். பாக்கியத்தின் தலை சட்டென்று நிமிர்ந்தது. ஒரு இருமல் போதும் அவளுக்கு. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"டீச்சரம்மா, அந்தப் பக்கம் இருக்கறவருக்குச் சுடுதண்ணி வாங்கிக் குடுங்க. பச்சத்தண்ணி ஆவாது அவருக்கு."

"உறவு இல்லைன்னு எழுதிக் குடுத்த வூட்டுக்காரங்களுக்கு என் இருமலைப் பத்தி என்னன்னு கேளுங்க டீச்சர்" என்றது தடுப்புக்கு அந்தப் பக்கம்.

"எழுதுனது நானான்னு கேளுங்க டீச்சரம்மா."

"பெத்த மவன் எழுதலாமான்னு கேளுங்க டீச்சர்."

நான் எதையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையே இல்லை, எல்லாம் அவர்களுக்கே கேட்டது. பாக்கியத்தின் முன்னால் இருந்த கம்ப்யூட்டரில் மனுவைத் திறந்தேன். சிதம்பரத்தை எழுந்து வரச்சொன்னேன். வந்தார். தங்கை முகத்தைப் பார்க்காமல் திரையை மட்டும் பார்த்தார். அந்தப் பத்தியை இரண்டு பேருக்கும் சத்தமாகத் தமிழில் படித்தேன்.

"இதை அவங்க எழுதல. நான் நெட்லேருந்து எடுத்தது. டெல்லிக்காரங்களுது. அதுங்க ரெண்டுக்கும் இதுல என்ன இருக்குன்னுகூடச் சரியாத் தெரியாது. அம்மா, இந்தப் பட்டனை அழுத்துங்க" என்று பாக்கியத்தின் விரலைப் பிடித்துப் பேக்ஸ்பேஸ் மேல் வைத்தேன்.

தாக்கலான மனுவை இப்படிக் கடையில் உட்கார்ந்து அழித்துவிட முடியாது, திருத்தம் கேட்டுத் தனியாக மனு போட வேண்டும். ஆனால் அதைச் சொல்ல அது நேரமில்லை. பாக்கியம் அழுத்தினாள். எழுத்துகள் வாலிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. இன்னும் அழுத்தினாள். உறவு போயிற்று, பாத்தியதை போயிற்று, பத்தியே போயிற்று. விரல் நிற்கவில்லை. அதற்கு மேல் இருந்த சீர் சாமான் பத்தியும் போயிற்று. அதற்கும் மேலே இருப்பது, இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்பது.

"அம்மா, நிறுத்துங்க. அது விவாகரத்து."

"தெரியும் டீச்சரம்மா" என்றாள் பாக்கியம். கண் திரையில் இருந்தது, விரல் பட்டனில் இருந்தது. "இதுவும் போவட்டுமே. ரெண்டும் சேந்தே இருக்கட்டுமே. என்ன கொறஞ்சு போச்சு?"

அவள் கையைத் தட்டிவிட்டிருக்கலாம். கம்ப்யூட்டரை அணைத்திருக்கலாம். எனக்கு இரண்டும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. இது என் கை எடுக்க வேண்டிய விரல் இல்லை என்று எப்படியோ பட்டது. சும்மா நின்றேன். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"விடு பாக்கியம்" என்றார் சிதம்பரம்.

அவள் திரும்பவில்லை.

"கட்டி வைக்கிறப்ப அதுங்களை நாம கேக்கலம்மா. இப்ப அதுங்களாவே வந்து கேக்குதுங்க. விடு."

பாக்கியம் விரலை எடுத்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். அண்ணன் பக்கத்தில் நின்று அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போனது போனதுதானா டீச்சரம்மா? திரும்ப வராதா?" என்று கேட்டாள்.

"இதுல வரும்" என்று சொல்லி, அவள் கூடுதலாக அழித்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தேன். கடைசிப் பத்தியை மட்டும் விட்டுவிட்டேன்.

பாக்கியம் மஞ்சப்பைக்குள் கையை விட்டாள். உள்ளே கல்யாணப் பத்திரிகை, வெற்றிலை, பாக்கு, எல்லாம் இருந்தது. எத்தனை நாளாக அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தாளோ தெரியாது. தட்டு இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். என் கீபோர்டைத் தூக்கி, அதன் மேல் எல்லாவற்றையும் வைத்து, ஒயரோடு அண்ணனிடம் நீட்டினாள். அவர் ஒயர் அறுந்துவிடாமல் குனிந்து வாங்கிக்கொண்டார்.

அதோடு விட்டார்களா? இரண்டு பேருமாக உட்கார்ந்து புதுப் பத்தி ஒன்று சொல்ல ஆரம்பித்தார்கள். சொன்னபடி அடித்தேன். இந்த விவாகரத்து கணவன் மனைவி உறவுக்கு மட்டும். அத்தான், மாமன் மகள், தாய்மாமன், அத்தை ஆகிய உறவுகளும், அவற்றுக்கான சீர் முறைகளும் வழக்கம்போல் தொடரும். கிரைண்டரையும் சேருங்க என்றாள் பாக்கியம். அதை மட்டும் மறுத்துவிட்டேன்.

ஆவணியில் வசந்தாவின் கல்யாணம் நடந்தது. சிதம்பரம் சீர்த்தட்டோடு மேளத்துக்குப் பின்னால் வந்தார். எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள். பந்தியில் ராமலிங்கம் பரிமாறினான், மலர்க்கொடி அவன் பின்னாலேயே ரசம் கொண்டுவந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர், என்ன பொருத்தம் பாருங்க என்று என்னிடம் சொன்னார். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது விசாரணையில், திருத்த மனுவை ஜட்ஜ் அம்மா இரண்டு தடவை படித்தார்.

"இதை யார் எழுதியது?"

நான் பின் பெஞ்சில் இருந்தேன். எழுந்து நிற்பதா, தூணுக்குப் பின்னால் நகர்வதா என்று யோசிப்பதற்குள் பாக்கியமும் சிதம்பரமும் எழுந்து நின்றுவிட்டார்கள். "நாங்கதாங்க."

ஜட்ஜ் அம்மா அவர்களைப் பார்த்தார், பிறகு மலர்க்கொடியையும் ராமலிங்கத்தையும் பார்த்தார். "அந்த உறவை வெட்ட இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் கிடையாது. அதனால் காப்பாற்றிக் கொடுக்கிற அதிகாரமும் கிடையாது. பழைய பத்தியும் வேண்டாம், இந்தப் பத்தியும் வேண்டாம். அது உங்கள் பாடு" என்று சொல்லி இரண்டையும் பேனாவால் அடித்துவிட்டு, மற்றதற்கு உத்தரவு போட்டார்.

வெளியே வந்ததும் பாக்கியம், நாங்க சொன்ன புதுப் பத்தியை எனக்குத் தனியாகப் பெரிய எழுத்தில் ஒன்று போட்டுக் கொடுங்க என்று கேட்டாள். பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். மை இருந்தது.

மறுவருஷம் அரியலூர் மாவட்டத்தைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். ஊரில் வேலையற்ற சிலர் மலர்க்கொடியிடமும் போய், மாவட்டமே சேர்ந்துடுச்சு, நீயும் சேர்ந்துக்கலாமே என்றார்களாம். சில வருஷத்தில் அது மறுபடி பிரிந்தது. நான் அவளிடம் கேட்டேன், அன்றைக்கு அவர்களிடம் என்ன சொன்னாய் என்று. "மாவட்டத்துக்குத் தாயக்கட்டை வெளையாடத் தெரியாது டீச்சர், அதான் சேருது பிரியுதுன்னேன்" என்றாள்.

அப்போது அவள் என் கடைக்கு வந்திருந்தது கல்யாணப் பத்திரிகைக்கு. அவளுடைய கல்யாணம்தான். மாப்பிள்ளை துறையூர்ப் பக்கம், அவரைப் பற்றிப் பேசும்போதே முகம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. வெக்கம் வருகிறது போலிருக்கிறது என்று நானே சொல்லிச் சிரித்தேன்.

தங்கள் நல்வரவை விரும்பும் என்பதன் கீழே பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்பா, அத்தை, வசந்தா, வசந்தாவின் வீட்டுக்காரர். பிறகு ராமலிங்கம் என்றாள். அடித்தேன். பெயருக்குப் பக்கத்தில் உறவு போட வேண்டும். என் விரல் கீபோர்டில் அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்கு எத்தனையோ அடித்திருக்கிறேன். அந்த இடத்தில் என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த முறை மாமூலாக எதையும் நானே போட்டுவிடாமல் அவளையே கேட்டேன்.

"என்ன டீச்சர் இது" என்றாள் மலர்க்கொடி. "அத்தான்னு போடுங்க."